பெரியதாழையில் என் முதல் ஹிட்டுப் பாட்டு

பாட்டுக் கட்டுவது சுலபம் என்று நினைக்கிற யாரும் அதுவரை ஒரு பாட்டுக்கூடக் கட்டியிருக்க மாட்டார்கள். எழுபதுகளில் நானும் அப்படித்தான் இருந்தேன். பகலில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் சேவியர் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி தூக்குகிற ஆள். (தலைமுடி மட்டும் பாடகனுக்குரியது.)

பக்கத்துக் கடற்கரை ஊரான பெரியதாழையில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டார்கள்.

"சொந்தமா ஒரு பாட்டுப் போடுலே. சனம் ரசிச்சா இனி நீதான் நம்ம பாட்டுக்காரன். இல்லேன்னா காலத்துக்கும் பெட்டியத் தூக்கு" என்றார் அண்ணன்.

ஆபீசில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெட்டு தானாக வந்து இறங்கியது. எனக்கே புல்லரித்துவிட்டது. 'டாட்டா டாட்டா கப்பலுக்கு, முத்தம் ஒண்ணு மச்சானுக்கு' என்று வார்த்தை போட்டு, மேசையில் தாளம் தட்டி அண்ணனிடம் பாடிக் காட்டினேன்.

"ஏலே, எங்கனயோ கேட்ட மாதிரியே இருக்கே! ஹிட்டாகுத பாட்டு அப்படித்தான் இருக்கும்" என்றார்.

கல்யாணத்தன்று பந்தலில் எள் விழ இடமில்லை. போங்கோ மேளம் அதிர, பல்லவியை முடித்தேன். முன்வரிசையில் ஒரு பெரியம்மா பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் போட்டார். அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு வரிசை வரிசையாகப் பந்தல் முழுவதும். மேடையில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும். கடைசியில் எங்கள் போங்கோக்காரனும்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பாட்டுக்கே இவ்வளவு மரியாதையா?

மாப்பிள்ளையின் தாய்மாமாதான் முதலில் சுதாரித்து எழுந்தார்.

"ஏலே! சிலுவைப்பாதைப் பாட்டுலயா மச்சானுக்கு முத்தம் கேக்க?"

பெரிய வெள்ளியன்று கோயிலில், இயேசு சிலுவை சுமந்த பாடுகளைக் காட்டும் ஒரு ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலத்துக்கு நடக்கும்போது நாங்கள் பாடுகிற அதே ராகம். பாட்டு முடிந்தால் முழங்கால் போட வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய முழங்கால்கள் போங்கோவையா பார்க்கும்?

அவமானம்தான். ஆனாலும் மெய்சிலிர்த்துப் போனேன். வார்த்தையை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், அந்த மெட்டு கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லையே! அதைக் கட்டியவர் யாரோ, அவருக்கு முன்னால் நான் எந்த மூலைக்கு என்று அன்றே தெரிந்துவிட்டது. பெட்டி மறுபடி என் தோளுக்கு வந்தது.

அடுத்த பெரிய வெள்ளிக்குப் பெரியதாழைக் கோயிலில் இளவட்டங்களின் கால்கள் தாளம் போட்டனவாம். பங்குச் சாமியார் என்னைத் தேடி ஆள் அனுப்பினார். (நான் ஊரிலேயே இல்லை.)

இன்றைக்கும் வீட்டில் நான் ஏதாவது முணுமுணுத்தால் போதும், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"கொஞ்சம் பொறுங்க, உலைய இறக்கி வச்சிட்டு வாரேன். முழங்கால் போடணும்லா!"