ஏழாம் கூண்டுப் பெண்

சாரம் பகுதியிலிருந்த தன் வீட்டுக்குள் நுழைந்த சிந்துஜாவின் கண்ணில் முதலில் பட்டவை ஒன்பது சீர்த் தட்டுகள். அடுத்தது, பட்டுப்புடவையில் நாத்தனார் சுலோசனா.

"வந்துட்டியா? பொண்ணு வயசுக்கு வந்த நாள்லகூடவா வேலைக்குப் போவ?"

கோரிமேட்டில் ஓர் ஆய்வகத்தில் எலிகள் பருவமடைவதை ஆராய்பவள் சிந்துஜா. தினமும் நாற்பது எலிகளைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். காலையில் வாசலில் நின்று உதவியாளர் கண்ணையனிடம் போனில் கத்தியது ஞாபகம் வந்தது: "ஏழாம் கூண்டுப் பொண்ணு வயசுக்கு வந்துடுச்சா? அதுக்குள்ளயா?"

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் அப்போது பால் வாங்கிக்கொண்டிருந்தாள். 'ஏழாம் கூண்டு' மட்டும் அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு மகள் இனியா மூன்று முறை அழைத்திருந்தாள். கையில் எலி இருந்ததால் இவள் எடுக்கவில்லை. பாவம், தெருவே பேசியதில் பிள்ளை கூசிப்போயிருப்பாள்.

இனியாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"அண்ணி, வயசுக்கு வந்தது எலி!"

"கண்ணு பட்டுடும்னு இப்படியா சொல்லுவ?"

"நெசமா அண்ணி. பொட்டை எலிக்கு மூளையில ஒரு இடம் சீக்கிரமே முழிச்சுக்கும். ஆம்பள எலிக்கு அங்க நரம்பு கம்மி, பத்து நாள் பின்னாடிதான் வரும்."

"எங்க வூட்டுக்காரருக்கு அறுபத்தஞ்சு ஆவுது, இன்னும் முழிக்கல" என்றாள் உளுந்தங்களிப் பாத்திரத்தோடு வந்த குஞ்சம்மாள்.

கூடமே சிரித்தது. சிந்துஜா சாட்சிக்குக் கண்ணையனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணையண்ணே, காலையில என்ன நடந்துச்சு, சொல்லுங்க!"

"அத விடுங்க மேடம். மதியத்துக்கு மேல இன்னும் மூணு பொண்ணுங்க வயசுக்கு வந்துட்டாங்க! பசங்கதான் ஒருத்தனும் அசையல."

சுலோசனா நெஞ்சில் கை வைத்தாள். "எந்த ஆஸ்டலுப்பா அது? பசங்களையும் சேத்தா வச்சிருக்கீங்க?"

சிந்துஜா போனை அணைத்தாள். ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எல்லாரும் கெளம்புங்க! எம்பொண்ணு உள்ள எப்படித் துடிக்கிறாளோ! குஞ்சம்மாக்கா, ஒட்டுக்கேட்டு ஊரக் கூட்டுனது நீங்கதான?"

"எனக்கு எந்த எழவும் தெரியாது. உங்க அண்ணி கூப்பிட்டாங்க, களி கிண்டுனேன்."

சுலோசனா எழுந்து வந்து, அவள் கையிலிருந்த தட்டை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இனியா காலையில உனக்கு மூணு தடவ போன் பண்ணா சிந்து. நாலாவதா எனக்குப் பண்ணா."