எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர்களோடு சீட்டாடுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே நான் சுகம், லிஃப்ட் சுகமில்லை. அங்கே நீங்களும் என் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுகிறேன். சுகமில்லையென்றால் இப்போதைக்குத் தெரிவிக்க வேண்டாம், இன்னொரு வீட்டுப் பிரச்சினையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து நான் படும் பாடு உங்களுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் வழிந்தாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள், வராவிட்டாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். யாராவது இந்தப் பதவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கெஞ்சினேன், எல்லோரும் 'சரி, பார்க்கலாம்' என்று தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார்: போக்கர் போட்டி வைப்போம், ஜெயிக்கிறவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் அடுத்த செயலாளர். அதற்கும் எல்லோரும் சரி என்றார்கள். ஜெயித்தால் விடுதலை, நேரே உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் காலை நீட்டிப் படுப்பேன் என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். அந்த ஆசையில்தான் உங்களிடம் ஃபோனில் பாடம் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கையில ஒண்ணும் இல்லன்னாலும் பந்தயத்த ஏத்துங்க மச்சான். பயந்து சீட்ட கீழ போட்டுடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்க அறையில் உட்கார்ந்தோம். காசு கிடையாது, மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்த இருமல் மருந்து மூடிகள்தான் பந்தயம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து யாருக்கு நல்ல ஜோடி அமைகிறதோ அவருக்குத்தான் மூடிகள். ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் அதே அளவு மூடி போட்டுத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும். முதல் ஆட்டத்திலேயே எதற்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு, கை நிறைய மூடிகளை நடுவில் தள்ளி, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் 'சரி' என்று அதே அளவைத் தள்ளினார். பல் டாக்டரம்மாவும் 'சரி'. தையல்காரர், என்னதான் வைத்திருக்கிறேன் என்று பார்த்துவிடலாம் என்று தள்ளினார். நான் மறுபடி ஏற்றினேன், மறுபடி சரி. சீட்டைத் திருப்பினால், இரண்டாம் நம்பர் ஜோடியை வைத்துக்கொண்டு தையல்காரர் அத்தனையையும் வாரிக்கொண்டார். தான் ஜெயித்ததே அந்த மனிதருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொல்ல வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை, மிரட்டல் எல்லாம் யோசிக்கிறவர்களிடம்தான் பலிக்கும். இவர்கள் தாங்களாக ஏற்றவும் மாட்டார்கள், விலகவும் மாட்டார்கள். லிஃப்டுக்கு ஊதா நிறம் அடிக்கலாமா என்று நான் விளையாட்டாகக் கேட்டதற்கும் சரி என்றவர்கள் அல்லவா? இன்றைக்கும் அது ஊதாவாகத்தான் இரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மூடிகளில் முக்கால்வாசி போன பிறகு, டீ குடிக்கக் கலைந்த நேரத்தில் பாத்ரூம் வாசலில் நின்று உங்களுக்கு மறுபடி ஃபோன் செய்தேன். நீங்களும் அலுத்துக்கொண்டேதான் சொன்னீர்கள். "இந்த மாதிரி ஆளுங்கள மிரட்டவே மிரட்டாதீங்க. சீட்டு சரியில்லன்னா பேசாம விட்டுடுங்க, நல்லா இருந்தா கூச்சப்படாம நெறைய தள்ளுங்க, எப்படியும் கூடவே வருவாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க மச்சான். வாயே தொறக்காத ஆளு திடீர்னு ஏத்துனா, யோசிக்காம ஓடிடுங்க."

அதன்பிறகு எனக்குச் சிரமமே இல்லை. சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதுதான் ஆட்டம் என்றால் என்னை யார் ஜெயிப்பது? நல்ல சீட்டு வரும்வரை கொட்டாவி விட்டேன். மூன்று ராணிகள் சேர்ந்தபோது நிறையத் தள்ளினேன், எல்லோரும் பாசமாகக் கூடவே வந்து ஒவ்வொருவராகக் காலியாகி பிஸ்கட் தட்டுப் பக்கம் போனார்கள். கடைசியில் நானும் பல் டாக்டரம்மாவும் மட்டும். மதியம் முழுக்க அவர் ஒரு தடவைகூட ஏற்றவில்லை. என் ஆஸ் ஜோடிக்கும் 'சரி' என்று மிச்சமிருந்த மூடிகளைத் தள்ளிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை.

யாரைக் கைகாட்டுவது என்று பார்த்தேன், எல்லோரும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவைக் காட்டினேன். அவர் அதற்கும் 'சரி' என்றார். சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ரயிலில் புறப்படுகிறேன். ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்து வைக்கச் சொல்லுங்கள். கதவைத் தட்டி யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்களுக்கு எப்போதும் நல்ல சீட்டாகவே வரட்டும், வராத நாளில் சும்மா இருக்கும் பொறுமையும் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
முன்னாள் செயலாளர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது புதுச் செயலாளரின் முதல் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மரியாதைக்காகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா எழுந்து நின்றார். "கிளினிக்ல ஆளுங்க காத்திருக்காங்க. அன்றாட வேலைய மட்டும் பழையவரே பாத்துக்கட்டும், கையெழுத்து நான் போட்டுடறேன்" என்று சாவிக்கொத்தை நீட்டினார். நான் ஓடியிருக்க வேண்டிய இடம் அதுதான் மாப்பிள்ளை, வாசல்கூடப் பக்கத்தில்தான் இருந்தது. சம்மதமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். முதலில் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. குரல் என்னுடையதுதான். அறையை ஒழிக்க வேண்டாம்.