அடுப்பை நெருங்கிய சுவர்

சமையலறைச் சுவர் மஞ்சளும் பச்சையுமாக மாறி மாறி மினுக்கியது. வரைபடக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மறுபடியும் மினுக்கியது.

அது அவருடைய சொந்த வீட்டுச் சமையலறை. புதுப்பித்துக் கட்ட மேஸ்திரி பத்து மணிக்கு வருகிறார். சுவருக்குப் பச்சைதான் என்று இவரும், மஞ்சள்தான் என்று மனைவியும் ஒரு வாரமாக மல்லுக்கு நின்று, நேற்றிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. அவளுக்கும் இதே தொழில்தான். இவர் கீழே, அவள் மாடியில். வரைபடமெல்லாம் இருவருக்கும் பொது; யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் திருத்தலாம்.

காலையில் இவருக்கு மனசு கேட்கவில்லை. தான் போட்டிருந்த பச்சையை எடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் மஞ்சளை ஒட்டினார். மேஸ்திரி முன்னால் காட்டி அவளை அசத்தி, எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும்.

"பழைய பச்சை எங்கேயோ ஒளிஞ்சிருக்கு" என்று முணுமுணுத்தார். இரண்டு பரப்புகள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டால், எதைக் காட்டுவதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் இப்படித்தான் முழிக்கும். மஞ்சளை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினார். மினுக்கல் நின்றது.

ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், பச்சையும் ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது.

ஐந்து நகர்த்தினார். அதுவும் வந்தது. பச்சையை அடியோடு அழித்தார். இரண்டே நிமிடத்தில் புத்தம்புதிதாக வந்து நின்றது.

"இன்னைக்கு ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" ரோஷத்தில் அரை அடி தள்ளினார். அதுவும் விடவில்லை. பத்து மணிக்குள் சுவர் ஃபிரிட்ஜை விழுங்கிவிட்டு அடுப்பை நெருங்கியது.

மேஸ்திரி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், சமைக்கிறவங்க எங்க நிப்பாங்க? வாசல்லேருந்து கையை நீட்டியா கிண்டுவாங்க?"

"இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு மேஸ்திரி. இதைப் போய் அவகிட்ட எப்படிக் காட்டுவேன்? மாடிக்குப் போய், பத்து நிமிஷம் கழிச்சு வரச் சொல்லுங்களேன்."

போன மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"அம்மாவும் பத்து நிமிஷம் கேக்குறாங்க சார். உங்களை அசத்தணும்னு பச்சைச் சுவர் போட்டாங்களாம். காலையிலேருந்து எவனோ அது மேல மஞ்சளை ஒட்டிக்கிட்டே இருக்கானாம்!"