ஓட்டத்தை விட்டுவிட்டேன், மச்சான்

கள்ளக்குறிச்சி,
22-9-87, காலை

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பூமாலை அவர்களுக்கு,

தங்கள் தங்கை அமிர்தத்தைக் கட்டிய நாளிலிருந்து தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் தெய்வசிகாமணி எழுதிக்கொண்டது. சங்கராபுரத்தில் தாங்களும் தங்கச்சி ஆண்டாளும் நலமாகத்தான் இருப்பீர்கள். அமிர்தம் அங்கே சமைக்கும்போது நலத்துக்கு என்ன குறைச்சல்? இங்கே நானே பொங்கி நானே தின்று ஆறு நாள் ஆகிறது. நேற்று வைத்த ரசத்தைப் பூனை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அமிர்தத்தைத் திருப்பி அனுப்பிவையுங்கள், மச்சான். அவள் ஏன் கோபித்துக்கொண்டு வந்தாள் என்று தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் நான் ஓடுவதுதான்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தே இருந்தவன் ஜூன் மாதம் ரிட்டயர் ஆனேன். ரத்த அழுத்தம் ஜாஸ்தி என்று டாக்டர் மூன்று வேலை கொடுத்தார்: காலையில் உடம்பை அசைக்க வேண்டும், மனசுக்கு இதமாக ஏதாவது படிக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு எடுக்க வேண்டும். நான் அன்றைக்கே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கால அட்டவணை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டேன். ஓட்டம் 5.10, கவிதை 7.25, ஓய்வு 2.15 முதல் 3.00 வரை. அமிர்தம் அதைப் பார்த்துவிட்டு, "இதுல நான் எந்த பஸ்ஸுங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆர்வத்தில் கேட்கிறாள் என்று நினைத்து, எல்லாவற்றிலும் அவளையும் சேர்த்துக்கொண்டேன், ஓட்டத்தைத் தவிர.

முதல் நாள் காக்கி அரை டிராயரோடு சங்கராபுரம் ரோட்டில் ஓடியபோது எதிரில் வந்தவர்கள் எல்லாரும் யார் வூட்டில் சாவு என்று கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. டிரைவர் சடையன் தலையை நீட்டி, "இன்னா சார், வண்டிய வுட்டுட்டீங்களா? ஏறுங்க!" என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டினால், கூடவே வரச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வருகிறான். அடுத்த பஸ்ஸும் அப்படியே. டைம் கீப்பர் ரோட்டில் ஓடினால் எந்த டிரைவர்தான் நிறுத்தாமல் போவான்? "அந்தாளு ஏறுவானா மாட்டானா, எனக்கு ஆஸ்பத்திரிக்கு லேட்டாவுது" என்று ஓர் அம்மா ஜன்னல் வழியாகத் திட்டினாள். என்னால் வண்டி தாமதமானது வாழ்க்கையில் அன்றுதான். ஆனால் மச்சான், பொய் சொல்ல மாட்டேன். இடது கைப்பக்கம் கல்வராயன் மலைமேல் வெயில் இறங்குவதை அந்த ஓட்டத்தில்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்த மலைக்குப் போகும் பஸ்ஸைத்தான் எழுதிவைத்தேனே தவிர மலையைப் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் ரோட்டிலேயே சிரித்துவிட்டேன்.

கவிதையும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் எடுத்தேன். மழையைப் பற்றி ஒரு கவிதை, படித்ததும் கண் கலங்கியது. அடுப்படியில் நின்று அமிர்தத்துக்கு உரக்கப் படித்தேன். அவள் வெங்காயத்தை அரிந்துகொண்டே, "இது எந்த ஊருக்குப் போவுதுங்க?" என்றாள். ஊர்ப் பெயரைக் கூவிக் கூவிப் பழகிய தொண்டை, நான் என்ன செய்ய? ஓய்விலும் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. 2.15க்குச் சரியாக அவளையும் படுக்க வைப்பேன். அசந்துவிட்டால் நேரம் தெரியாதே என்று இடையில் எழுப்பி, "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, நிம்மதியா தூங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் நான் படுப்பேன்.

போன வாரம் நாலு நாள் விடாத மழை. ஓட முடியவில்லை. காலை முழுவதும் அவள் கூடவே இருந்தேன். பதினாலு கவிதை படித்தேன், ஓய்வை இரண்டு வேளையாக்கினேன். ஐந்தாம் நாள் மழை விட்டதும் அவள் பையை எடுத்தாள். "என்னால ஆவலைங்க. எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டாள். யோசித்துப் பார்த்தேன். மழை நின்றுவிட்டதே, மறுபடி ஓடப்போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவேனோ என்ற பயம்தான் அவளுக்கு. வேறு என்ன?

மறுநாளே சாலை மறியல் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஜனங்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அங்கங்கே இருந்து வரும் செய்திகளைக் கேட்டால் மனசு பதறுகிறது. பஸ் ஸ்டாண்டில் ஆடு மேய்கிறது. அவள் அங்கே, நான் இங்கே, நடுவில் பதினோரு மைல் புளியமரம்.

முந்தாநாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஓடினேன். மூன்றாவது மைலில் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நான் தலைதெறிக்க வருவதைப் பார்த்து, பின்னால் போலீஸ் வருகிறது என்று நினைத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து நானும் போலீஸ் வருகிறது என்று நினைத்து அவர்களோடு பாய்ந்தேன். கால் மணி நேரம் கரும்புச் சோகைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த பிறகு, இளஞ்செழியன் என்ற வாலிபர் மெதுவாக, "பெரியவரே, எத்தினி வண்டி வருது?" என்றார். "எனக்கெப்படித் தெரியும்? நீங்க ஓடினீங்க, நானும் ஓடினேன்" என்றேன். சோகை கிழித்த கையோடு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தைப் பார்த்து, "துண்டுப் பிரசுரமா? படிங்க" என்றார்கள். மழைக் கவிதையைப் படித்தேன். யாரும் ஊர் கேட்கவில்லை. ஒருவர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மோர் கொடுத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டுக்கு ஓடிவந்தேன். கதவில் நானே போட்டுவிட்டுப் போன பூட்டு. மச்சான், அப்போது அழுதுவிட்டேன்.

ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன். இன்றோடு ஓட்டத்தை விட்டுவிட்டேன். டிராயரை அடுப்படித் துணியாக்கிவிட்டேன். இனிமேல் இருபத்துநாலு மணி நேரமும் அமிர்தத்தின் பக்கத்திலேயே இருப்பேன் என்று அவளிடம் சொல்லுங்கள். கடைக்காரர் நவுஷாத் மதியம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் உருட்டிக்கொண்டும் சங்கராபுரம் வருகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்களுக்கு என் வணக்கம். தங்கச்சி ஆண்டாளுக்கும் குழந்தைகளுக்கும் நோய்நொடி அண்டாத நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டிய மனைவிக்குக் காத்திருக்கும்
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: இதை மடித்து ஒட்டுவதற்குள் அமிர்தமே வந்துவிட்டாள்! பதினோரு மைலும் நடந்து, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி. யாரோ ஒரு கிழவர் ரோட்டில் ஓடிக்கினு வந்து பாட்டுப் படித்தார், போலீஸ் துரத்தியது என்று உங்கள் தெருவில் பேசிக்கொண்டார்களாம். "அது யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, எனக்கு அடி ஏதும் படவில்லையே என்று தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். கடைசிப் பத்தியில் முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டத்த வுட்டுட்டீங்களா? ஏங்க, நீங்க ஓடப் போற அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு ரெஸ்ட்டு. நாலு நாள் மழையில அதுவும் இல்லாமத்தான் நான் எங்கண்ணன் வூட்டுக்கு ஓடினேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

எனவே மேலே எழுதிய சத்தியத்தைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். மணி இப்போது இரண்டு. நடந்த களைப்பில் அவள் கூடத்தில் படுத்து அயர்ந்து தூங்குகிறாள். வெயில் கொளுத்துகிறது, இருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். இதை நவுஷாத் கையில் கொடுத்துவிட்டு அப்படியே ஓடப் போகிறேன். அவள் தானாகக் கண் விழிக்கும்வரை வீட்டுப் பக்கம் வருவதாக இல்லை.