ரூனே வரைந்த சைக்கிள் பாதை

கல்யாணமாகி வருஷக்கணக்கில் சேர்ந்து குப்பை கொட்டிய பிறகும், ஒரு பெண்டாட்டி தன் புருஷனிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ரகசியம் என்னவாக இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? நகையா? பிறந்த வருஷமா? பழைய காதலா? அதெல்லாம் ரூனேவுக்கு எப்போதோ தெரியும். பழைய காதலனின் பெயர், ஊர், அவன் குறட்டை விடுகிற ராகம் வரைக்கும் மரீத்தா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறாள். சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் காளானை அவள் எங்கே பறிக்கிறாள் என்பது.

கிரான்பி ஊரில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஸ்வீடன் காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சைக்கிள் விடலாம், காளான் பறிக்கலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்க முடியாது. அதனாலேயே காளான் முளைக்கிற இடத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மரீத்தாவின் அம்மா தன்னுடைய இடத்தைப் பெண்கள் இரண்டு பேருக்கும் காட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். மாப்பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. கோடை பாதியானதிலிருந்து மரீத்தாவும் அவள் அக்கா உல்லாவும் காலிக் கூடையோடு போவார்கள், தளும்பத் தளும்பக் கொண்டுவருவார்கள். மரீத்தா அதை வெண்ணெயில் வதக்கி, க்ரீம் ஊற்றி, சுட்ட ரொட்டிமேல் வைத்துத் தருவாள். ரூனே தட்டை வழித்துவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பிப்பான்.

"எங்க பறிச்ச?"

"காட்டுல."

"காட்டுல எங்க?"

"மரத்தடியில."

"எந்த மரம்?"

"நின்னுட்டு இருந்துச்சே, அந்த மரம்."

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ஸ்வான்தேயை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வருஷா வருஷம் கேட்பான்.

"என்ன ரூனே, இந்த வருஷமாவது சொன்னாளா?"

"நான் கேட்கல."

"கேட்கலையா, கேட்டும் சொல்லலையா?"

"மழை வர மாதிரி இருக்கு."

"என் வீட்டுக்காரி நிச்சயத்துக்கு முன்னாடியே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டாப்பா. எல்லாம் ஒரு நம்பிக்கைதான்!"

அந்த நம்பிக்கை என்கிற சொல் ரூனேவுக்கு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. காளான் அவனுக்குத் தட்டிலேயே கிடைக்கிறது. அவனுக்கு வேண்டியது அதில்லை. பெண்டாட்டி நம்மை ஒரு ஆளாக மதிக்கிறாள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஊர் சைக்கிள் சங்கத்தில் ஒரு பேச்சு வந்தது. காட்டுக்குள் மலைச் சைக்கிள் விடுகிற பாதைகளுக்கு ஒரு வரைபடம் கிடையாது. புதிதாக வருகிறவன் கேட்டால், "பன்றி படுத்த மாதிரி ஒரு பாறை வரும், அங்க இடது பக்கம் திரும்பு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவன் சாயந்திரம் வேறு ஊரிலிருந்து போன் பண்ணுகிறான். எல்லாப் பாதையையும் ஓட்டிப் பார்த்து, படம் வரைந்து, ஊர்க் கடை வாசலில் பலகையாக வைக்க ஓர் ஆள் வேண்டும்.

வாக்கியம் முடிவதற்குள் ரூனேயின் கை மேலே போய்விட்டது. அவன் சைக்கிளைத் தொட்டு எத்தனையோ காலம். வயிறு அவனுக்கு முன்னால் போய்ச் சேரும். ஆனாலும் மூளை வேலை செய்தது. எல்லாப் பாதையிலும் போனால் ஏதோ ஒரு பாதை காளானிடம் போய்த்தானே ஆக வேண்டும்? படம் ஊருக்கு. காளான் எனக்கு!

முரட்டு டயர் வைத்த சைக்கிள் வந்தது. கைப்பிடியில் மாட்ட ஒரு சின்னக் கருவியும் வந்தது. போகிற வழியெல்லாம் அது திரையில் சிவப்புக் கோடாக வரைந்துகொண்டே வரும். மரீத்தா குதிப்பாள், கத்துவாள் என்று ரூனே பயந்து பயந்து அவிழ்த்துக் காட்டினான்.

"ரொம்ப நல்லது. உடம்புக்கும் நல்லது," என்றாள் மரீத்தா. பிளாஸ்கில் காபி ஊற்றி, பட்டை போட்ட பன்னைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள். "வடக்கே வெட்டின மரத்தை இழுத்துட்டுப் போன பழைய பாதை இருக்கு பாரு, அந்தப் பக்கம் மட்டும் போகாத."

"ஏன்?"

"சும்மாதான்."

ரூனேவுக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. நேரே வடக்கே விட்டான். பாதை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மெத்தென்றது. பிறகு தளதளவென்றது. பிறகு காணோம். சதுப்பில் இடுப்பு வரை இறங்கி நின்றுகொண்டு, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி யோசித்தான். காளான் ஒன்றும் கண்ணில் படவில்லை. கொசுதான் பட்டது.

"அந்தப் பக்கம் போகாதன்னு சொன்னேன்ல?" என்றாள் மரீத்தா, காலுறையைப் பிழிந்துகொண்டே. "ஏரிப் பக்கம் போ. அருமையா இருக்கும்."

இப்போதுதான் குழப்பம் பிடித்தது. போ என்கிறாள். அப்படியானால் அங்கே இல்லை. ஆனால் போகாதே என்ற இடத்திலும் இல்லையே. அப்படியானால் போ என்ற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் இப்படி யோசிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்றும் அவளுக்குத் தெரியுமே... ஏரிக்குப் பிரிகிற இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு அவன் நின்ற நிற்பைப் பார்த்து, நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, "வீடு எங்கேன்னு ஞாபகம் இருக்கா?" என்று அன்பாக விசாரித்தாள்.

கடைசியில் ஏரிக்குப் போனான். அருமையாகத்தான் இருந்தது. காளான் இல்லை.

யோசித்து என்ன பிரயோஜனம், இனிமேல் கருவி யோசிக்கட்டும் என்று முடிவு பண்ணினான். அக்காவும் தங்கையும் கூடையை எடுக்கிற நாளாகப் பார்த்து, கூடையின் அடியில் விரித்த துணிக்குக் கீழே கருவியைச் செருகி வைத்தான். அன்று பூராவும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ரயில் ஏறப்போகிற பிள்ளை மாதிரி வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தான். சாயந்திரம் கூடை வந்தது, நிறைய. மரீத்தா பின்கட்டுக்குப் போன சமயம் கருவியை உருவிக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

திரையில் சிவப்புக் கோடு. என்ன கோடு! ஸ்வான்தே வீட்டு வேலியோரம் கிளம்பி, காட்டுக்குள் பாய்ந்து, மேடேறி, ஓடையைத் தாண்டி, ஓர் இடத்தில் சுற்றிச் சுற்றி ஜாங்கிரி பிழிந்த மாதிரி கிடந்தது. அங்கேதான்! வேறெதற்கு இரண்டு பெண்கள் ஒரே இடத்தைச் சுற்றுவார்கள்?

விடிந்ததும் கோட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். கோடு முட்புதருக்குள் போனது, இவனும் போனான். விழுந்த மரத்துக்கு அடியில் போனது, இவன் சைக்கிளைப் படுக்க வைத்துத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து போனான். உல்லாவுக்கு முட்டி வலி என்று சொன்னார்களே, இதற்குள் எப்படிப் புகுந்தாள்? ஜாங்கிரி இடத்துக்கு வந்தால் ஒரு பிர்ச் மரம். மேலே ஓர் அணில். கீழே ஒன்றுமில்லை. அவனும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அணில் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடு கடைசியில் ஸ்வான்தே வீட்டுக் கொல்லையில் வந்து முடிந்தது. ரூனேவுக்குத் தலை சுற்றியது.

"ஸ்வான்தே! உன் கொல்லையில என்ன வெச்சிருக்க?"

"விறகு."

"விறகுக்குப் பின்னாடி?"

"நாய்."

"மறைக்காத! என் பெண்டாட்டி உன்கிட்ட இடத்தைச் சொல்லிட்டாளா? என்கிட்ட சொல்லாம, உன்கிட்ட?"

"உனக்கு என்னப்பா ஆச்சு, உடம்பெல்லாம் கீறலா இருக்கு? மரீத்தா நேத்துக் காலையில வந்தா. நாய் கழுத்துப் பட்டையில ஏதோ கறுப்பா ஒண்ணு மாட்டிவிட்டா. 'அழகா இருக்குல்ல?'ன்னா. நான் ஆமாம்னேன். அது நாள் பூரா காட்டுமான் பின்னாடி ஓடிட்டு சாயந்திரம்தான் வந்துச்சு. அவளே வந்து கழட்டிட்டும் போயிட்டா."

ரூனே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மரீத்தா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு புதுப் பாதை?"

"கொஞ்சம் மேடு பள்ளம்."

"ஆமா, நாலு கால் இருந்தாத்தான் சுலபம்," என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

அதற்குமேல் அவள் குத்திக் காட்டவில்லை. அவன் முழங்கையில் மருந்து போட்டாள். அவனுக்கே கண் கலங்குகிற மாதிரி கரிசனமாகப் பேசினாள். "இவ்வளவு பாடுபடுற, படத்துக்கு ஒரு முதல் தரமான பாதை வேண்டாமா? நம்ம வீட்டுப் பின்பக்கம், அந்தக் காலத்துல அடுப்புக்கரி சுட்ட மேட்டு வழியா ஓடைக்கு இறங்குதே, அதைப் போடேன்."

"அது நடக்கிற பாதையாச்சே. பாதி ஊர் கூடையும் கையுமா அதுலதான் போகுது."

"போனா என்ன? மணி அடிச்சா தள்ளிக்க மாட்டாங்களா?"

ரூனே யோசித்தான். பாதி ஊர் நடக்கிற பாதையில் ரகசியம் எங்கிருந்து வரும்? அந்த இடத்தை மனசிலிருந்து அழித்துவிட்டு, படத்தில் தடித்த சிவப்பாக வரைந்தான். பாதையின் இரண்டு முனையிலும் வைக்க மரீத்தாவே பலகை எழுதினாள். 'ஜாக்கிரதை! சைக்கிள் வேகமாக வரும்!' பக்கத்தில் தொப்பையோடு ஒரு சைக்கிள்காரனையும் வரைந்திருந்தாள். சங்கத்தில் கை தட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் சரிவில் பறக்க வந்தார்கள். ரூனே நாள் தவறாமல் ஓட்டினான். காளான் நினைப்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

கோடை முடிகிற சமயம், மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள். கரி சுட்ட மேட்டிலிருந்து இறங்குகையில் முன்னால் யாரோ இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்தினான். தள்ளிக்கொண்டார்கள். கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அந்தச் சரிவில் முன் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுத்தால் மரம் முகத்தில் இருக்கும்.

ஓடைக்கரையில் செயின் அறுந்தது. வேறு வழியில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறினான். அந்தப் பாதையில் அந்த வருஷம் அவன் நடந்து வருவது அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் சிரிப்புச் சத்தம். பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் மரீத்தாவும் உல்லாவும் கையில் சின்னக் கத்தியோடு குந்தியிருந்தார்கள். பாசி தெரியாமல் மஞ்சள், மஞ்சள், ஒரே மஞ்சள். பாதை விளிம்பில் ஒரு காளான் நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் முரட்டு டயர் தடம்.

"நீங்களா!"

"வேற யாரு? இப்பத்தானே தள்ளுங்க தள்ளுங்கன்னு தொண்டை கிழியக் கத்திட்டுப் போன," என்றாள் உல்லா. "போன வாரமும் கத்தின. நாங்களும் கை ஆட்டினோம்."

"மரீத்தா... இங்கேயா?"

"இங்கேதான்."

"ஆனா ஊரே நடக்கிற பாதைன்னு..."

"நடந்துட்டுத்தான் இருந்தாங்க. ரெண்டு வருஷமா யாரோ மோப்பம் பிடிச்சு, எங்களுக்கு முன்னாடியே வந்து பாதியை வழிச்சிட்டுப் போறாங்க. என்ன பண்றதுன்னு நாங்க முழிச்சிட்டு இருந்தோம். நல்லவேளை, நீ சைக்கிள் வாங்கின."

"பலகை வெச்ச நாள்லேருந்து ஒரு கூடைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல," என்றாள் உல்லா. "எவன் வந்து இடிப்பானோன்னு பயம். சைக்கிள்ல வர்றவனுக்கோ கண்ணு சக்கரத்துல. உனக்கே தெரியலையே!"

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று ரூனேவுக்குப் புரியவில்லை. தேடின இடத்துக்குத் தானே காவல்காரனாகி, அதன் நடுவில் மணியடித்துக்கொண்டு தினமும் போயிருக்கிறான். ஆனாலும் மெல்ல மெல்ல அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

"எப்படியோ தெரிஞ்சுபோச்சில்ல? இன்னைக்குச் சாயந்திரமே வேலிப் பக்கம் போறேன். 'ஸ்வான்தே, எனக்கும் இடம் தெரியும்'னு சொல்லப்போறேன்."

அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"தாராளமா சொல்லு. இந்த இடம் தெரியும்னு," என்றாள் உல்லா.

"இந்த இடமா? அப்ப... வேற இடமும் இருக்கா?"

மரீத்தா கத்தியை மடக்கிப் பையில் போட்டாள். எழுந்து வந்து அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னாள்:

"ரூனே, மரம் அறுக்கிற பழைய மில்லுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு நடைபாதை இருக்கு, அதையும் உன் படத்துல சைக்கிள் பாதையா போட்டுக் குடுத்துடேன்."