முதுகோடு முதுகு வைத்த பெஞ்சு

நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் நிற்கிற கட்டடத்தில் பாதி என் கை பட்டது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையை விடுகிற பிள்ளைக்காம்பரா, இரண்டு கோயில் மதில், பசறை ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக் கூரை, மூன்று தடவை சரிந்த மண்ணில் நாலாம் தடவை சரியாமல் நிற்கும் தடுப்புச் சுவர், எல்லாம் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் மழை.) ஆனாலும் இஞ்சினியர்மார் வந்து, "பாஸ், இது நிக்குமா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். எங்கள் பக்கம் மேசன் எல்லாருமே பாஸ்தான். என்னை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள்.

இத்தனை கட்டியவன் ஒரு வட்டப் பெஞ்சில் மானம் கெட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டு வரிசை இரண்டு, மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் தண்ணீர்க் குழாயால் சண்டை. நான் மேடு. என் மனைவி பாக்கியத்தின் அண்ணன் செல்லையா பள்ளம். "செத்தாலும் ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று அவர் குழாயடியில் வைத்துச் சொன்னார். நான் விடுவேனா, அதையே திருப்பிச் சொன்னேன். நாலு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து பிளான் போடுகிற ஒரு மிஸ் வந்தார். இரண்டு லயத்துக்கும் நடுவில், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற டீக்கடைக்காரரின் கடைக்கு எதிரே சும்மா கிடந்த நிலத்தில், சனங்கள் கூடி உட்கார ஓர் இடம் கட்ட வேண்டுமாம். நன்றாகக் கட்டினால் திறப்பு விழாக் கல்லில் என் பெயர் வரும் என்றார். அங்கேதான் விழுந்தேன். ஊரில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் தலைவர் பெயர் இருக்கும், தோட்டத்துத் துரை பெயர் இருக்கும், ரிப்பன் வெட்டியவர் பெயர்கூட இருக்கும். கட்டியவன் பெயர் இருக்காது.

மிஸ் பிளானை விரித்தார். "பாஸ், எல்லாரும் எப்படி உக்காரணும்னா..."

"உக்கார்றதுக்கு எங்காளுகளுக்குச் சொல்லிக் குடுக்கணுமா மிஸ்? வச்சிட்டுப் போங்க."

பிளானில் ஒரு வட்டம். சுற்றிலும் அம்புக்குறிகள், எல்லாம் நடுவைப் பார்த்து. என் தொழிலில் அம்புக்குறி என்றால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற பக்கம். சரி, மழைத் தண்ணீரை நடுவில் கான், அதாவது வடிகால், வெட்டி விடச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அப்படியானால் சனங்கள் காலைத் தண்ணீரிலா வைப்பார்கள்? படித்த பிள்ளைக்கு இது தோன்றவில்லையே என்று இரக்கப்பட்டு, சாய்கிற சுவரை உள்ளே வைத்து, பெஞ்சு முழுவதையும் வெளியே பார்க்கத் திருப்பிக் கட்டினேன். (அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.)

மிஸ் வந்து பார்த்துவிட்டு மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பாஸ் எல்லாம் வெளிய பாக்குது?"

"தண்ணி வாட்டம் உள்ள போகுதே மிஸ்."

"அது தண்ணி இல்ல பாஸ். ஆளுங்க மொகம். ஒருத்தர ஒருத்தர் பாக்கணும்."

நானா கடையிலிருந்தே சொன்னார்: "ஒத்துமைக்குக் கட்டச் சொன்னா, கோவிச்சுக்கிட்டு உக்காரக் கட்டியிருக்கீங்களே பாஸ்."

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம். உடைத்துத் திருப்பினால்தான் கல்லில் பெயர் என்று சொல்லிவிட்டு மிஸ் போய்விட்டார்.

மறுநாள் காலை சுத்தியலோடு போனால் பெஞ்சில் ஆட்கள், கையில் நானா கடைப் பிளேன்டீ. எங்கிருந்து உடைப்பது என்று யோசிக்க நானும் மேட்டுப் பக்கமாக உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல். நாலு வருஷமானாலும் அந்த இருமல் தெரியாதா?

"நானா, இதை ஒடைக்க வேணாம்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க. முதுகுக்கு எதமா இருக்கு."

"சொன்னதுக்கு நன்றின்னு சொல்லுங்க நானா."

"பாக்கியத்துக்கு முட்டுவலி எப்புடின்னு கேளுங்க."

"எண்ணெ போட்டா கொறையுதுன்னு சொல்லுங்க."

"நான் என்ன ரேடியோவா?" என்று நானா கடைக்குள் போய்விட்டார். நாங்கள் நேராகவே பேச வேண்டியதாகிவிட்டது. சத்தியம் முகத்துக்குத்தான். முதுகுக்கு யாரும் சத்தியம் பண்ணவில்லை.

சுத்தியலுக்கு வேலை வரவில்லை. நாலாம் நாள் மேடும் பள்ளமும் முதுகோடு முதுகு உட்கார்ந்து, குழாய்க்குக் காலை மேட்டுக்கு, மாலை பள்ளத்துக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். மிஸ் வந்தார், பார்த்தார், உடைக்கச் சொன்னதை மறந்து படம் படமாக எடுத்தார்.

திறப்பு விழாவில் துணியை விலக்கினால் கல்லில் 'வடிவமைப்பு' என்று மிஸ்ஸின் பெயர். என் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க பிளான்படி கட்டலையே பாஸ்" என்கிறார் மிஸ்.

செல்லையா மச்சான் இப்போது தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் பேசுகிறார். வீட்டில் யார் சண்டை பிடித்தாலும் பாக்கியம், "பாஸ் வாட்டத்துல உக்காந்து பேசுங்க" என்கிறாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிளான் மிஸ்ஸுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பு என்னுடையது. நான் ஒருவனே யோசித்துச் செய்த தப்பு, அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. அந்தக் கல்லின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். 'பிழை: ராமையா பாஸ்' என்று அங்கே பொறிக்க வேண்டும். எழுத்துப் பிழை இல்லாமல்.