முத்திரை அண்ணனும் அரைக் கிலோ முந்திரியும்

மதுரையில் அந்தக் காலத்துப் பலசரக்குக் கடைக்காரர்கள் பயந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் எமன். இன்னொருவர் எங்கள் வளவில் குடியிருந்த முத்திரை அண்ணன். எமனாவது ஒரு தடவைதான் வருவான். அண்ணன் மாதம் பிறந்தால் வந்துவிடுவார்.

வில்லாபுரத்தில் எட்டுக் குடித்தனம் இருந்த வளவு அது. அண்ணன் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் எடைக்கல்லைத் தூக்கிக் கவிழ்ப்பார். கல்லின் அடியில் ஈயம் அடைத்து, அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும். அது கண்ணில் படாவிட்டால், “முத்திரை எங்க?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அதுவே பெயராக நின்றுவிட்டது.

“முத்திரை இல்லாத கல்லு மெலிஞ்ச கல்லுப்பா. கல்லு மெலிஞ்சா கடைக்காரன் கொழுப்பான்” என்பது அவர் கொள்கை.

கல் தேறினால் அடுத்தது தராசு. ஒருமுறை தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, சுரண்டி எடுத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். “இம்புட்டு நாளா எங்களுக்கு நிறுக்காம விட்டது இதுதானய்யா” என்று கடைக்காரருக்கு விளக்கமும் சொன்னார். கடைசியில் கொசுறாக ஒரு துண்டு வெல்லம் வாங்கி வாயில் போட்டால்தான் கடையை விட்டு இறங்குவார். பஸ் ஏறினால் மிச்சம் பிடித்ததெல்லாம் கண்டக்டர் பைக்குப் போய்விடும் என்று, கடைகள் இருக்கிற கீழமாசி வீதிக்குப் போகவர நடைதான்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா. என்மேல் யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும், சீட்டு கிழிந்துவிடும். பியூன் இருமினாலே எழுந்து நிற்கிறவன் நான். அப்படிப்பட்டவனை ஒரு சாயங்காலம், “அண்ணனோட போயி, மாசச் சாமான்ல எப்புடி மிச்சம் பிடிக்கிறதுன்னு பாத்துட்டு வாங்க” என்று பையும் லிஸ்டும் கொடுத்து அனுப்பினாள் என் மனைவி.

அன்றைக்குப் பார்த்து வழக்கமான கடை பூட்டியிருந்தது. வேறொரு கடையில் ஏறினோம். முதலாளிக்கு மீசை பெரிது, காது மந்தம். அண்ணன் கல்லைக் கவிழ்த்தார். ஈயமே இல்லை, வெறும் குழிதான் இருந்தது. அடிதடி ஆகிவிடுமோ என்ற பயத்தில் நான் லிஸ்டையும் பேனாவையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என் முகத்தையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார் தல்லாகுளம் ஆபீசுதானே? சைக்கிள்ல உள்ள போறதப் பாத்திருக்கேன்.”

“ஆமா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எடைக்கல் சோதிக்கிற ஆபீஸும் அதே கட்டடத்தில்தான் இருந்தது.

அண்ணன் கல்லைக் கையில் உருட்டியபடி, “முத்திரை எங்கய்யா?” என்றார்.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. “தந்துர்றேன், தந்துர்றேன்” என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வேறு கல் எடுத்து வந்து, லிஸ்டில் இருந்ததையெல்லாம் தாராளமாக நிறுத்துப் போட்டு, அதற்கு உண்டான காசை வாங்கிக்கொண்டார். அந்தத் தாராளத்தில் அண்ணனுக்கு வெல்லம் கேட்கவே மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், லிஸ்டில் இல்லாத ஒரு பொட்டலம். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் முந்திரிப் பருப்பு. அரைக் கிலோ!

“பாயசம் வைக்கவா?” என்றாள் மனைவி.

வெடுக்கென்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அண்ணன் முத்திரை என்று கேட்டது அந்த மனிதர் காதில் முந்திரி என்று விழுந்திருக்கிறது. எடைக்கல் ஆபீசர் மாமூல் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். வேலை இன்னும் நிரந்தரமே ஆகவில்லை, அதற்குள் லஞ்சம் வாங்கிவிட்டேன். பொட்டலத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

“கேட்டு வாங்குனாத்தான் கொசுறு. பயந்து குடுத்தா அது கொசுறு இல்லப்பா” என்றார் அண்ணன். “காலைல ஷிப்டு முடிஞ்சதும் நானே திருப்பிக் குடுத்துர்றேன். நீ பேசாம ஆபீசுக்குப் போ.”

போனேன். பதினோரு மணிக்கு சூப்பரின்டெண்ட் கூப்பிட்டார். அவர் அறைக்குள் அந்த மீசை நின்றுகொண்டிருந்தது, கையில் மனுவோடு. நான் எடைக்கல் ஆபீஸ் இல்லை என்பது அதற்குள் விசாரித்ததில் தெரிந்துபோயிருக்கிறது.

“இவருதான் சார். கடைக்கு வந்து முந்திரி கேட்டாரு. கூட வந்த ஆளு கல்லக் கையில வச்சுக்கிட்டு மிரட்டுனாரு.”

“முத்... முந்...” என்றேன். சூப்பரின்டெண்ட் பேனாவைத் திறந்தார். மனைவியிடம் என்ன சொல்வது, எந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவது என்று என் மனம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் மில் பஞ்சு. மூச்சு இரைத்தது. பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, கேட்டது நானு. தம்பி வாயே தொறக்கல. நான் கேட்டது முத்திரை, இவரு குடுத்தது முந்திரி. ஒரு பருப்புக் கூடக் குறையல, நிறுத்துப் பாத்துக்கங்க.” பழக்க தோஷம், “நல்ல கல்லாப் பாத்து நிறுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சூப்பரின்டெண்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினார். “ஏன்யா, உங்க கல்லுல முத்திரை இருக்கா, இல்லையா? எடைக்கல் ஆபீசர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு. கூப்பிடவா?”

மனு நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போனது. முந்திரியை எடுத்துக்கொண்டு கடைக்காரரும் போனார்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணனை நிறுத்தினேன். “எப்புடிண்ணே சரியா வந்தீங்க?”

“பொட்டலத்தக் குடுக்கப் போனேன். முதலாளி ஒம்மேல எழுதிக் குடுக்கப் போயிருக்காருன்னு கடையாளு சொன்னான். ஆட்டோ பிடிச்சு வந்தேன்.”

ஆட்டோ! பஸ்ஸே ஏறாத மனிதர்! “மீட்டர்ல முத்திரை இருந்துச்சாண்ணே?” என்று கேலியாகத்தான் கேட்டேன்.

“எங்க பாத்தேன்ப்பா? அவன் கேட்டதக் குடுத்துட்டு ஓடியாந்தேன். ஒன் வேலை போயிருமோன்னு கையெல்லாம் வெடவெடங்குது, பாரு.”

நீட்டிக் காட்டினார். மாதாமாதம் கடைக்காரர்களை நடுங்கவைத்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரிப்பா, போறேன். ஆட்டோவுக்குக் குடுத்தத நடந்தே சரிக்கட்டிருவேன்” என்று படியிறங்கினார். நான் பயப்படாமல் நேராக சூப்பரின்டெண்ட் அறைக்குப் போய், அரை நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, வில்லாபுரம் வரைக்கும் அவர் கூடவே நடந்தேன்.